காரின் வழிகாட்டித் திரை முடங்கினால் முதலில் ஆன்டெனாவைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் கார்களின் மின்பழுது நீக்கும் தொழிலைச் செய்துவருகிறேன். அண்மைக் காலமாக என்னிடம் வரும் கார்களில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. நிறுவனமே டேஷ்போர்டில் பொருத்தித் தந்த வழிகாட்டித் திரை, ‘ஜிபிஎஸ் சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. உரிமையாளர்களில் பலர் ஏற்கெனவே சர்வீஸ் சென்டருக்குப் போய், திரையோடு சேர்த்து முழுக் கருவியையும் மாற்ற வேண்டும் என்ற பதிலைக் கேட்டு, அதன் விலையில் மலைத்துப்போய் வருகிறார்கள். கருவியே பழுதாகியிருப்பதும் உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில் அது அரிது. எதையும் அளந்து பார்க்காமல் கருவியை மாற்றச் சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ஜிபிஎஸ் அலை, காரின் கூரைக்கு வந்து சேரும்போது ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் மெலிந்திருக்கும். இருக்கும் இடத்தைக் கணிக்க, ஒரே நேரத்தில் நான்கு செயற்கைக்கோள்களின் அலையாவது கிடைக்க வேண்டும். ஆகவே எங்கள் ஊரின் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடியிலோ, வணிக வளாகங்களின் அடித்தள நிறுத்துமிடத்திலோ சிக்னல் அறுபடுவதைப் பழுதாகக் கொள்ள வேண்டியதில்லை. வெட்டவெளிக்கு வந்து நேரமாகியும் திரும்பவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அம்புக்குறி நகர்கிறதே என்று ஏமாந்துவிடவும் கூடாது. பல கார்களில் சக்கரத்தின் வேகத்தையும் வண்டி திரும்பும் கோணத்தையும் கொண்டு, சிக்னல் இல்லாதபோதும் கருவி தானாகவே சிறிது தூரம் கணித்துச் செல்லும். போகப்போகத்தான் அந்தக் கணிப்பு பிசகும். புதிய புறவழிச்சாலையில் செல்லும்போது கார் வயலுக்குள் ஓடுவதாகத் திரை காட்டினால், அது புதுப்பிக்கப்படாத வரைபடத்தின் குறை.

பேட்டரி மாற்றிய பிறகு இந்தக் குறை தோன்றினால், பெரும்பாலும் செலவே இல்லை. மின்சாரம் அறுபட்ட கருவி, எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை இழந்திருக்கக்கூடும். அதை மீண்டும் வானிலிருந்துதான் வாங்க வேண்டும். அத்தகவல் நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் வருகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுமையாக வந்து சேர 12.5 நிமிடங்கள் ஆகும். மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தில் காரை நிறுத்தி, கருவியை இயக்கத்திலேயே வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை, நாமே பின்னர் மாட்டிய பொருள்கள். மலிவான யுஎஸ்பி சார்ஜர்களும் டேஷ் கேமராக்களும் எழுப்பும் மின் இரைச்சலில் இந்த மெலிந்த அலை அமுங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். ஆன்டெனா டேஷ்போர்டுக்குள் புதைந்திருக்கும் மாடல்களில், வெயிலுக்காக விரிக்கும் அலுமினியத் தாளை மடித்து அதன்மேலேயே வைத்திருந்தாலும் சிக்னல் மறைக்கப்படும்.

இவற்றுக்கும் பிடிபடாதபோதுதான் ஆன்டெனாவிடம் வருகிறோம்; சர்வீஸ் சென்டர்கள் தாண்டிச் சென்றுவிடும் இடமும் இதுதான். காரின் ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குள் அலையைப் பெருக்கும் ஒரு சிறு சர்க்யூட் இருக்கிறது. அதற்கு வேண்டிய 3 முதல் 5 வோல்ட் மின்சாரம், சிக்னல் வரும் அதே கேபிளின் வழியாகவே கருவியிலிருந்து செல்கிறது. கருவியின் பின்புறம் ஆன்டெனா கேபிளைச் செருகும் இணைப்பான ஜிபிஎஸ் கப்ளர், பல கார்களில் நீல நிறத்தில் இருக்கும். அதைக் கழற்றி, கருவியின் பக்கம் மல்ட்டிமீட்டரை வைத்தால் வோல்டேஜ் வருகிறதா என்பது உடனே தெரியும். வரவில்லையென்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். வருகிறதென்றால் குறை கேபிளிலோ ஆன்டெனாவிலோ இருக்க வாய்ப்பு மிகுதி. நன்றாக இயங்கும் வேறோர் ஆன்டெனாவைத் தற்காலிகமாகச் செருகிக் கூரைமேல் வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். கூரையில் சுறாத் துடுப்பு வடிவில் ஆன்டெனாவை மூடியிருக்கும் ‘ஷார்க் ஃபின்’னின் அடி ரப்பர் வெடித்து மழைநீர் இறங்கிப் பச்சை பூத்த இணைப்புகளையும், புதிய ஸ்பீக்கர் மாட்டியபோது நசுங்கிய கேபிள்களையும் நான் அடிக்கடி காண்கிறேன். முழுக் கருவியையும் மாற்றச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு காரில், டிங்கரிங் வேலைக்காகக் கூரையின் உட்துணியை இறக்கியவர்கள் கப்ளரை முழுதாக அழுத்தாமல் விட்டிருந்தார்கள். அழுத்தியதும் சிக்னல் வந்துவிட்டது.

பழைய கார் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. ஜிபிஎஸ் தன் காலத்தை வாரங்களாக எண்ணுகிறது. 1980 ஜனவரி 6 அன்று தொடங்கிய அந்தக் கணக்குக்கு, செயற்கைக்கோள்கள் அனுப்பும் பழைய தகவல் அமைப்பில் 10 பிட் இடமே, அதாவது 0 முதல் 1,023 வரை எண்ணும் இடமே, ஒதுக்கப்பட்டதால், 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நேர்ந்தது; அடுத்தது 2038 நவம்பரில் வரும். கருவியின் சாஃப்ட்வேர் இதை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பொறுத்து, வேறு தேதிகளிலும் சிக்கல் எழலாம். 2022 ஜனவரி முதல் நாளில் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் ஹோண்டாவின் பழைய மாடல்கள் சிலவற்றில் கடிகாரம் 2002 என்று காட்டத் தொடங்கியது நினைவிருக்கலாம். சில கருவிகளில் தேதி மட்டுமே பிசகும். சிலவோ தவறான தேதியை நம்பி, செயற்கைக்கோள்களை அவை இல்லாத திசையில் தேடிக்கொண்டிருக்கும். திரையின் தேதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தால் ஆன்டெனாவைத் தொட வேண்டாம். சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். அதே பழைய சாஃப்ட்வேருடன் வரும் மாற்றுக் கருவியால் பயனில்லை.

கையில் செல்போன் இருக்க இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று சிலர் கேட்கிறார்கள். போனைக் காரோடு இணைத்ததும், சில மாடல்களில் போனிலுள்ள வரைபடமும் காரின் ஆன்டெனாவையே நம்பத் தொடங்கும். இணைத்தால் தடுமாறி, கழற்றினால் சரியாகும் வரைபடத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதைவிட முக்கியமாக, இன்றைய பல கார்களில் விபத்தின்போது அழுத்தும் அவசர அழைப்புப் பொத்தான், காரின் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்புகிறது. 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பேருந்து, டாக்ஸி போன்ற பயணிகள் வாகனங்களில் இருப்பிடங்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. அவற்றிலும் ஆன்டெனா நனைந்தால், கேபிள் நசுங்கினால், இதே கதைதான். ஏற்காடு மலைப்பாதையில் இரவில் அந்தப் பொத்தானை அழுத்துகிறவரின் இடம் தவறாகப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

எத்தனை செயற்கைக்கோள்கள் பிடிபடுகின்றன, அவற்றின் வலிமை என்ன என்று காட்டும் பக்கம் பல கருவிகளில் ஏற்கெனவே இருக்கிறது; ஆனால் மெக்கானிக்குகளுக்கான மறைவு மெனுவில் இருக்கிறது. அதைத் திறக்கும் வழியை உரிமையாளர் கையேட்டிலேயே கார் நிறுவனங்கள் அச்சிட வேண்டும். கருவியை மாற்றப் பரிந்துரைக்கும் சர்வீஸ் சென்டர்கள், அந்தப் பக்கத்தின் அளவையும், ஆன்டெனா கப்ளரில் கிடைத்த வோல்டேஜையும், மாற்று ஆன்டெனா வைத்துப் பார்த்ததன் முடிவையும் ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும். கார் வைத்திருக்கும் வாசகர்கள், விலைப்பட்டியலில் கையெழுத்திடும் முன் இந்த மூன்றையும் கேட்டு வாங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கார் மின்பழுது நீக்குநர் ஒருவர்,
சேலம்.