ஈரக்காற்றில் குழிந்த கேரம் போர்டு: மாற்றித் தரக் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

ஆகஸ்ட்டில் உங்களிடம் வாங்கிய கேரம் போர்டு பற்றி இரண்டாம் முறையாக எழுதுகிறேன். போட்டோவைப் பார்த்துவிட்டு, "தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று உங்கள் ஆள் சொல்லிவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. படாமலேயே கெட்டதுதான் என் புகார்.

நான் இருப்பது ராயபுரம். காசிமேடு துறைமுகம் நடக்கிற தூரம். ஐப்பசி பிறந்தால் ஜாடியில் உப்பு கசியும், பொரித்த அப்பளம் இலை போடுவதற்குள் நமுத்துப்போகும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு நீரை இழுத்துக் கரையும். மரம் அதுவரைகூடக் காத்திருக்காது. அதன் செல்லுலோஸ் எந்தக் காற்றிலிருந்தும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். 50 சதவீத ஈரப்பதத்தில் மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 9 சதவீதம் நீர் வைத்திருக்கும்; 80 சதவீதத்தில் சுமார் 16. ஏறிய ஈரத்துக்கு ஏற்ப ஊதும்.

பிளைவுட்டில் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதே இந்த ஊதலை அடக்கத்தான். இரண்டு பக்கமும் சமமாக ஈரம் ஏறினால் அது தாங்கும். உங்கள் போர்டைத் திருப்பிப் பாருங்கள். மேலே பளபளவென்று வார்னிஷ், அடியில் வெறும் மரம். அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிய, மேல்பக்கம் அப்படியே நிற்க, நடு குழிந்துவிட்டது. மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு ஒரு ரூபாய்க் காசு நுழைகிறது. தண்ணீர் கொட்டியிருந்தால் கறையோ, பிரிந்த அடுக்கோ தெரிந்திருக்கும். இரண்டும் இல்லை. பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறீர்கள். அது பசைக்குப் பொருந்தலாம், மரத்துக்குப் பொருந்தாது.

வடசென்னையின் கேரம் வீராங்கனை காசிமா 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து எங்கள் தெருப் பெண்பிள்ளைகளும் சாயங்காலம் ஆட வருகிறார்கள். மெல்லத் தட்டிய காய் பாக்கெட்டுக்கு முன்பே நின்றுவிடுகிறது. தன் கைதான் சரியில்லை என்று ஒரு பிள்ளை ஸ்டிரைக்கரை வைத்துவிட்டு அழுதாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடிப்பக்கமும் நான்கு விளிம்பும் வார்னிஷ் அடித்த போர்டாக மாற்றித் தாருங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் எதுவும் வேண்டாம். அது மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும். 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். பில், நூல் பிடித்த போட்டோ, அடிப்பக்கப் போட்டோ மூன்றும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரம் வாடிக்கையாளர்