செங்குன்றம் செம்மண் தடத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு

ஏரிக்கரைப் பெரியவருக்கும், ஆடு மேய்க்கும் ஆயாவுக்கும், மாதவரம் கொத்தனாருக்கும், அரிசி ஆலை அண்ணன்மாருக்கும், வியாசர்பாடிப் பட்டறைத் தம்பிகளுக்கும் வணக்கம்.

மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலை சைக்கிளை மரத்தடியில் சாய்த்துவிட்டு, நம் மலைச் சைக்கிள் தடம் முழுவதையும் நடந்தே பார்த்தேன். பதினொரு திருப்பங்களில் ஒன்றுகூட அறுபடவில்லை. கடைசித் திருப்பத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஓரம் சரிந்திருக்கிறது. பார்த்ததும் உங்கள் ஒவ்வொருவர் முகமும் நினைவுக்கு வந்தது. எல்லோரையும் நேரில் பார்த்துச் சொல்ல ஆசை. ஆனால் நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எனவே ஊரறிய எழுதுகிறேன்.

தடத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். செங்குன்றம் தாண்டிச் சோழவரம் போகும் வழியில், எப்போதோ சரளை வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட மேடு ஒன்று இருக்கிறது. செங்குன்றத்துக்குப் பெயர் தந்த அதே செம்புரை மண். மூன்று மாடி உயரம் இருந்தால் அதிகம். ஆனால் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வளரும் பிள்ளைக்கு மலைச் சைக்கிள் பழக இதை விட்டால் ஆந்திர எல்லையைத் தாண்டி நாகலாபுரம் மலைக்குத்தான் போக வேண்டும். கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் கேரமுக்கும் பெயர் வாங்கிய வடசென்னையில் இந்த விளையாட்டுக்கு இருப்பது இந்த ஒன்றரை கிலோமீட்டர்தான். அதனால்தான் அது கரைந்துபோனபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் தடத்தின் நடுவே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. எங்கள் பையன் ஒருவன் அதில் முன்சக்கரம் சிக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, இடித்த வீட்டுக் கற்களையும் மண்ணையும் கொட்டிப் பள்ளத்தை மூடினோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்தோம். அடுத்த ஆண்டுப் பருவமழை அத்தனையையும் அடிவாரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பள்ளம் முன்பைவிட அகலமானது. அன்று எனக்கு வந்த அழுகையை இப்போதும் மறக்கவில்லை.

அந்த வாரம்தான் ஏரிக்கரைப் பெரியவர் வந்தார். லஸ்கராக வேலை பார்த்து, மதகு திறந்து மூடியே தலை நரைத்தவர். எங்கள் வேலையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “பள்ளத்தை மூடுகிறீர்கள், சரி. தண்ணீருக்கு எங்கே வழி?” எங்கள் யாரிடமும் பதில் இல்லை. மழை பெய்யும்போது வாருங்கள் என்றார். போனோம். குடையும் கையில் ஒரு கட்டுக் குச்சிகளுமாக அவர் முன்னே நடக்க, நாங்கள் பின்னால் நடந்தோம். தண்ணீர் தடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு குச்சி, வேகம் எடுக்கும் இடத்தில் ஒரு குச்சி, வெளியேறத் துடித்தும் வரப்புபோல் ஓரம் தடுத்துவிட்ட இடத்தில் ஒரு குச்சி. மழை விட்டதும் திரும்பிப் பார்த்தால் எங்கள் தவறு முழுவதும் குச்சிகளாக நின்றது. ஏரிக்கு உபரி நீரை வெளியேற்றும் கலங்கல் எப்படியோ தடத்துக்கு வடிகால் அப்படி என்று அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்கு வந்து படித்தேன். 1988-இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. மேட்டின் சரிவு நூறு அடிக்கு இருபது அடி என்றால், அதன் மேல் போகும் தடத்தின் சரிவு நூறு அடிக்குப் பத்து அடியைத் தாண்டக் கூடாது. சரிவில் பாதிக்கு மேல் போனால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காது. தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு இறங்கும். எங்கள் பழைய தடம் உச்சியிலிருந்து நேர்க்கோடாக இறங்கியது. எத்தனை லாரி மண் கொட்டினாலும் நின்றிருக்காது.

ஆகவே புதிய வழி போட வேண்டும். அதைக் காட்டியவர் ஆயா. அவரே காட்டினார் என்பதைவிட, அவருடைய ஆடுகள் காட்டின என்பது சரி. ஆடுகள் மேட்டில் நேராக ஏறுவதில்லை. சரிவுக்குக் குறுக்கே சாய்ந்து சாய்ந்து போகின்றன. ஆண்டுக்கணக்காக அவை நடந்த ஒற்றையடிப் பாதையில் ஓர் இடத்தில்கூட அரிப்பு இல்லை. எங்கள் புதிய தடத்தில் பாதிக்கு மேல் அந்த ஆட்டுப் பாதைதான். ஆயா, இன்னொன்றுக்கும் உங்களுக்கு நன்றி. நாங்கள் நட்ட வெட்டிவேர் வேர் பிடிக்கும் வரை இரண்டு மாதம் ஆடுகளை மறுபக்கம் ஓட்டிக்கொண்டு போனீர்கள். தினமும் அது எவ்வளவு கூடுதல் நடை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டபடி, மாலையில் ஆடு திரும்பும் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் யாரும் சைக்கிளோடு தடத்தில் இருக்க மாட்டார்கள்.

கொத்தனார் அண்ணன் கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துக் கொடுத்தார். தடத்தின் குறுக்கே வெளிப்பக்கமாக ஓரடிக்கு அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு. மாடித் தளத்துக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு செம்மண்ணுக்கும் வாட்டம் கொடுத்தார். இருபது அடிக்கு ஒருமுறை சரக்கென்று நிமிர்ந்து, “இங்கே தண்ணீர் தயங்கும்” என்பார். ஒரு வாளி ஊற்றிப் பார்த்தால் தயங்கும். நீளமான இறக்கங்களில் தடத்தையே அலைபோலச் சிறிது தாழ்த்தி உயர்த்தினோம். தாழ்வில் தண்ணீர் வெளியேறிவிடும். மேலே வரும் சைக்கிளுக்கும் அந்த ஏற்ற இறக்கம் இன்பம். சிமெண்ட் போட்டுவிடலாம் என்று சிலர் சொன்னபோது நான் கடுமையாகவே மறுத்தேன். கோபமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டின் ஓரத்தில் தண்ணீர் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும். பிறகு பலகைபோல் அந்தரத்தில் நிற்கும். இப்போதும் என் எண்ணம் மாறவில்லை.

அரிசி ஆலை அண்ணன்மார் செய்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? நாங்கள் கேட்டது பழைய சணல் சாக்குகள் மட்டும். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், மண்ணோடு மக்கிப் போகிற சாக்குதான் வேண்டும் என்றதும், கிடங்கின் மூலையில் தேடி எடுத்துத் தந்தீர்கள். அதோடு நிற்காமல், மூட்டை தூக்கும் நால்வர் தங்கள் ஓய்வு நாளில் வந்து, நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாத கருங்கற்களை மேலே ஏற்றினார்கள். திருப்பங்களில் கற்களைப் படுக்க வைக்காமல் நட்டு நிறுத்தி, இடையில் சரளை போட்டுத் திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கியதும் அவர்கள்தான். தேநீருக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

பட்டறைத் தம்பிகளுக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்க உருவாக்கிய மெக்லியோட் என்ற கருவி உலகெங்கும் தடவேலைக்குப் பயன்படுகிறது. ஒரு பக்கம் களைக்கொத்துபோல் வெட்டும், மறுபக்கம் பல்வைத்து வாரும். படத்தைக் காட்டியதும் பழைய இரும்புத் தகட்டில் அப்படி மூன்று கருவிகளை வெல்டிங் செய்து கொடுத்தீர்கள். அதன் அடிப்பகுதியால் தட்டினால் மண் அழகாக இறுகுகிறது.

அனுமதிக் கடிதத்துக்காக எங்களோடு மூன்று முறை அலைந்த ஊராட்சி உறுப்பினர் அக்காவுக்கும், மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து பனை விதைகளைப் பையில் சுமந்து வந்த மாணவர்களுக்கும் என் வணக்கம். அடிவார ஓரத்தில் பனங்கிழங்கு இறங்கியிருக்கிறது. தோண்டிவிடாதீர்கள்.

இனி எங்கள் பிள்ளைகளுக்கு. மழைக்குப் பின் மண் காயும் வரை சைக்கிளைத் தொடாமல் இருந்தீர்களே, அதுவும் பராமரிப்புதான். ஈர மண்ணில் பதிகிற ஒரு டயர் தடம் அடுத்த மழையில் சிறு வாய்க்கால். பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கிக்கொண்டு திரும்புவதை நிறுத்தி, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கப் பழகினீர்கள். மணிக்கட்டு முறிந்த தம்பியும் இப்போது மண்வெட்டியோடு வருகிறான்.

சரிந்த கடைசித் திருப்பத்தை வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சரிசெய்கிறோம். கொத்தனார் அண்ணா, டியூபும் உங்கள் இரண்டு கடப்பாரைகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வேலை முடிந்ததும் அன்றே வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறேன். பெரியவரே, குச்சிக் கட்டோடு நீங்களும் ஒருமுறை வந்து பாருங்கள். வண்டி அனுப்புகிறேன்.

நன்றியுடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் சைக்கிள்காரன்