திரும்பிப் பார்க்காத தலைமுறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரிய இளைஞர்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி: 'பக்கத்தில் ஒருவன் செத்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்காத தலைமுறை.' கட்டுரையாளர் சியோலில் எத்தனை நாள் தங்கினாரோ, தெரியாது. நான் ஆராய்ச்சி மாணவனாக ஆறு வருடம் இருந்தேன்.

தனியாகச் சாப்பிடுகிறார்கள், தனியாக வாழ்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சரி, வாழ்கிறார்கள்தான். 2023 கணக்குப்படி அங்கே மூன்றில் ஒரு வீட்டுக்கும் மேல் ஒற்றை ஆள் வீடு. முதல் வருடம் நானும் ஒரு கோசிவொன் அறையில், அதாவது மிகச் சிறிய வாடகை அறையில், இருந்தேன். கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். அதில் யாரைக் கூப்பிட்டு இலை போடுவது?

கூடி உண்ணும் பண்பாடு போய்விட்டதாம். அதையும் பார்த்தேன். ஹ்வேசிக் என்று பெயர். பேராசிரியர் எழுந்திருக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு கடை, அப்புறம் இன்னொரு கடை, நள்ளிரவில் பாட்டு அறை. பெரியவர் ஊற்றும்போது கோப்பையை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும் என்பதைக் குடிக்காத நானும் கற்றுக்கொண்டேன். இதற்கு வரமாட்டேன் என்கிற பிள்ளைகள்தான் உங்கள் கட்டுரையில் சுயநலக்காரர்கள்.

2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்தாரே, அதை எதிர்த்து அடுத்த நாட்களில் சியோலின் யோயிடோ பகுதியில் நாடாளுமன்றத்தின் முன்னால் நின்றவர்கள் யார்? வெளிநாட்டவர் அரசியலில் இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம், அதனால் நான் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்த்தேன். குளிர் தாங்காமல் காபிக் கடைக்குள் போனால், காசு வேண்டாம் என்றார்கள். வர முடியாத யாரோ முன்கூட்டியே நூறு காபிக்குப் பணம் கட்டியிருந்தார். மூன்று வருடமாகக் காதில் இயர்போனோடு தனியாகவே சாப்பிட்ட என் ஆய்வகத் தோழி, பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகும் லைட் ஸ்டிக்கோடு அங்கே நின்றாள். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத பாட்டியின் கையில் குளிருக்குச் சூடேற்றும் தன்னுடைய பொட்டலத்தைத் திணித்தாள். 21ஆம் தேதி, அதே போராட்டத்துக்காகச் சியோலுக்கு வந்த விவசாயிகளின் டிராக்டர்களை நகரின் தெற்கு எல்லையான நம்தேரியொங்கில் போலீஸ் மறித்தபோது, விடிய விடிய அவர்களோடு இருந்ததில் பெரும்பாலோர் நகரத்து இளம்பெண்கள்.

இது உங்கள் பத்திரிகைக்குப் புதிதில்லை. 2022இல் சியோலின் இதேவோன் பகுதியில் ஹாலோவீன் கொண்டாட்ட நெரிசலில் 159 பேர் செத்தபோது 'கூத்தடிக்கப் போன இடத்தில்' என்று எழுதினீர்கள். அன்று மாலை 6.34க்கே போலீசுக்கு முதல் எச்சரிக்கை அழைப்பு போயிருந்தது. தெருவில் விழுந்தவர்களின் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கப் பார்த்தவர்களில் வழிப்போக்கர்களும் இருந்தார்கள். அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை மூன்று வரியாக்கி, 'கருத்துக்கு நன்றி' என்று போட்டீர்கள். நானும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு எனக்குச் செல்வாக்கு இல்லை. ஆனால் 'தனியே உண்ணும் கொரிய இளைஞன்' என்று 14ஆம் பக்கத்தில் போட்ட படத்தில், பின்னால் தொங்கும் பலகை ஜப்பானிய மொழியில் இருக்கிறது. அதையாவது அடுத்த இதழில் திருத்துங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
திருச்சி