கேட்பது யார்? கெர்பரோஸ் மவுண்ட் குறித்து நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆய்வகக் கணினிகள் எல்லாவற்றுக்கும் பயனர்களின் ஹோம் டைரக்டரியை (தனிக் கோப்புறையை) ஒரே சர்வரிலிருந்து, கெர்பரோஸ் (கேட்பவரை டிக்கெட் எனும் தற்காலிக அடையாளச் சீட்டால் சரிபார்க்கும் முறை) பாதுகாப்போடு என்.எஃப்.எஸ். (வலைப்பின்னலில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக வழங்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பது அறிந்து மகிழ்ந்தேன். பகிர்வு மவுண்ட் ஆன (கணினியில் இணைந்த) பிறகும் ரூட்டுக்கே (நிர்வாகிக் கணக்குக்கே) "பெர்மிஷன் டினைடு" வருகிறது, சிஎச்மோட் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதை மட்டும் செய்யாதே. டிக்கெட் இல்லாத பயனருக்கு 777 கொடுத்தாலும் பயன் இருக்காது. செல்லுபடியாகும் டிக்கெட் வைத்திருக்கும் அந்நியருக்கோ அடுத்தவர் கோப்புகள் எல்லாம் திறந்துவிடும்.

பழைய "சிஸ்" முறையில் கிளையன்ட் சொல்லும் யூஐடி எனும் பயனர் எண்ணை சர்வர் அப்படியே நம்பியது. கெர்பரோஸில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை; கேட்பவர் யார் என்பது இரண்டு கட்டங்களில் தனித்தனியாகச் சரிபார்க்கப்படுகிறது. மவுண்ட் செய்யும்போது பேசுவது கணினி. அதற்கான சாவி கீடேப் கோப்பில் இருக்கிறது. கோப்பைத் திறக்கும்போது பேசுவது பயனர். அவர் கேஇனிட் கட்டளை மூலம் பெற்ற டிக்கெட் வேண்டும். ரூட்டுக்குத் தனி டிக்கெட் இல்லாததால் ஆர்பிசி ஜிஎஸ்எஸ்டி (கிளையன்டில் டிக்கெட்டுகளைக் கையாளும் பின்னணி நிரல்) கணினியின் சாவியையே அவருக்கும் பயன்படுத்துகிறது. அந்தப் பெயருக்குரிய பயனர் சர்வரில் இல்லாததால் அவர் "நோபடி" (உரிமை ஏதுமற்ற கணக்கு) ஆகிவிடுகிறார். ஆகவே 700 (உரிமையாளருக்கு மட்டும்) அனுமதியுள்ள ஹோம் டைரக்டரியை ரூட்டால் திறக்க முடியாமல் போவது கோளாறு அன்று. அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று.

மவுண்டே தோற்றுப்போகும் கணினிகளில் முதலில் கடிகாரத்தைப் பார். இரு பக்க நேரத்திலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் இயல்பாகவே மறுத்துவிடும். அடுத்தது பெயர். கணினிப் பெயர்களைப் பட்டியலிடும் இடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வருக்கான வரியில் முழுப் பெயருக்கு முன்னால் குறும்பெயர் இருந்தால், அந்தக் குறும்பெயருக்கே டிக்கெட் கேட்கப்பட்டு, அப்படியொரு சர்வர் கெர்பரோஸ் தரவுத்தளத்தில் இல்லை என்ற பதில் வரும். இவை இரண்டும் சரியாக இருந்தால் சாவியின் பதிப்பு எண்ணைச் சந்தேகப்படு. கேஅட்மின் கருவியில் கேடிஆட் கட்டளை, கீடேப்பில் எழுதும் ஒவ்வொரு முறையும் புதிய சாவியை உருவாக்குவதே இயல்பு. ஆகவே அதே பிரின்சிபலுக்கு (கெர்பரோஸில் பதிவான பெயருக்கு) இன்னோர் இடத்தில் யாராவது அதை ஓட்டினால், நேற்றுவரை நன்றாக இருந்த கீடேப் சத்தமில்லாமல் செல்லாததாகிவிடும். கிளையன்டில் கேவிஎன்ஓ கட்டளை காட்டும் எண்ணும் சர்வரில் கேலிஸ்ட் கட்டளை காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்எஸ் கட்டளையில் எல்லாக் கோப்புகளுக்கும் உரிமையாளர் "நோபடி" என்று காட்டுகிறது, ஆனால் எழுத முடிகிறது என்றும் சொல்லியிருந்தாய். அது வேறு சங்கதி. பயனர் பெயர்களையும் எண்களையும் பொருத்தும் ஐடிமேப்டி நிரலின் அமைப்பில் டொமைன் பெயர் இரு பக்கமும் பொருந்தவில்லை, அவ்வளவே. அதைத் திருத்திவிட்டு என்எஃப்எஸ்ஐடிமேப் கட்டளையால் பழைய நினைவகப் பதிவை அழித்துவிடு.

எங்கள் அலுவலகத்திலும் அண்மையில் இதே போன்றதொரு புதிர். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) சாவியால் ஒரு பயனர் சில நாள் உள்ளே வர முடிகிறது, சில நாள் கடவுச்சொல் கேட்கிறது. அவருடைய பொதுச்சாவிக் கோப்பு அதே கெர்பரோஸ் பகிர்வில் இருந்தது. அதை எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரல்) அவர் பெயரில்தான் படிக்க வேண்டும். டிக்கெட் இல்லாத நிலையில் படிக்க முடியாது. கடவுச்சொல்லால் ஏற்கெனவே நுழைந்து டிக்கெட் பெற்றிருந்த நாள்களில் மட்டும் சாவி வேலை செய்திருக்கிறது. சாவிக் கோப்பை உள்ளூர் வட்டுக்கு மாற்றினால் நுழையலாமே தவிர, நுழைந்த பின் ஹோம் டைரக்டரி திறக்காது. ஆகவே ஜிஎஸ்எஸ்ஏபிஐ வழியாக டிக்கெட்டையும் உடன் அனுப்பும் முறைக்கு அவரை மாற்றினோம். இரவில் தானாக ஓடும் கிரான் வேலைகளுக்கும் இதே சிக்கல் உண்டு, ஏனெனில் ஆக்டிவ் டைரக்டரியில் (மைக்ரோசாஃப்டின் பயனர் மேலாண்மை அமைப்பில்) டிக்கெட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம்தான். அத்தகைய கணக்குகளுக்குத் தனிக் கீடேப் கொடுத்து ஜிஎஸ்எஸ்-பிராக்ஸியிடம் (கீடேப்பைக் கொண்டு டிக்கெட் பெற்றுத்தரும் நிரலிடம்) ஒப்படைப்பதே நல்லது என்பது என் கருத்து.

விண்டோஸ் பகிர்வை சிஐஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறை) வழியாக மவுண்ட் செய்யும்போது 126 என்ற பிழை எண் வந்தால், சூடோ (ரூட்டாகக் கட்டளை ஓட்டுவது) காரணமாக ரூட்டின் டிக்கெட்டைத் தேடுகிறது என்று சந்தேகப்படலாம். யாருடைய டிக்கெட் என்று சொல்லும் சிஆர்யூஐடி விருப்பத்தில் உன் யூஐடியைக் கொடுத்துப் பார்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒரு கணினி பிடிவாதம் பிடித்தால், அதில் ஆர்பிசி ஜிஎஸ்எஸ்டியை விரிவான பதிவுக்காக மூன்று "வி" கொடுத்து, பின்னணியில் அல்லாமல் திரையிலேயே ஓட்டி, மவுண்ட் செய்யும் நேரத்தில் வரும் பதிவை எனக்கு அனுப்பு. எந்த பிரின்சிபலைத் தேடியது, எந்தப் பெயருக்கு டிக்கெட் கேட்டது என்ற இரண்டு வரிகளும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்
இளங்கோ