ஏழாம் தேதிச் சம்பளம்

கோத்தகிரி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும் அதனுடன் அனுப்பிய 22 பக்கத் திட்டமும் கிடைத்தன. சென்னையில் 11 ஆண்டுகளாக மேலாளராக இருந்து ஆட்களை நடத்தவும் வரவு செலவைக் கட்டுக்குள் வைக்கவும் பழகிவிட்டதால், வேலையை விட்டுவிட்டு இங்குள்ள சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி இலையை நொறுக்காமல் உருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையைச் செய்து விற்பது, செய்துவந்த வேலையையே சொந்தப் பெயரில் செய்வதுதான் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில்தான் எனக்கு உன்னோடு உடன்பாடில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் மேலாளராக இருந்தவன் நான். நான்கு கிலோவுக்குச் சற்று மேல் பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள் வர வேண்டும். வரவில்லை என்றால் வாட்டும் தொட்டியான ட்ரஃப்பில் இலை சரியாக வாடியிருக்காது, அல்லது மழை ஈரத்தோடு எடை போட்டிருப்பார்கள். ஒரு பிடி இலையைக் கைக்குள் இறுக்கிவிட்டுக் கையைத் திறந்தால், வாடிய இலை உருண்டையாகவே நிற்கும், வாடாதது விரிந்துவிடும். இலையை உலர்த்தும் ட்ரையர் ஆண்டுக்கு எத்தனை முறை பழுதாகி நிற்கும், மின்சாரம் போனால் டீசல் எவ்வளவு ஆகும் என்பவை பழைய கணக்குப் புத்தகங்களிலேயே இருந்தன. அளந்து சொல்லக்கூடிய அபாயம் வேறு, அளக்கவே முடியாத நிச்சயமின்மை வேறு என்று ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1921-இல் பிரித்துக் காட்டினார். தொழிலில் இலாபம் பிறப்பது இரண்டாவதிலிருந்துதான் என்பது அவர் வாதம். நான் பணிக்காலம் முழுவதும் முதலாவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிச்சயமின்மை எங்கள் முதலாளியின் தலையில் இருந்தது. நைட்டுக்கும் 166 ஆண்டுகளுக்கு முன்பு, 1755-இல் அச்சான தம் கட்டுரையில், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவர்தான் தொழில்முனைவோர் என்றும், அரசரும் நிலவுடைமையாளரும் நீங்கலாக மற்ற எல்லோரும், படைத்தளபதியே ஆனாலும், கூலிக்காரர்கள் என்றும் ரிச்சர்ட் கான்டிலான் எழுதியிருந்தார். நைட்டைப் படிப்பதற்கு முன்பே இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் முதலாளிதான். (பிச்சைக்காரரையும் திருடரையும்கூடக் கான்டிலான் முனைவோர் பக்கத்தில் சேர்த்துவிட்டார், உன் அம்மா இதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தாள்.)

சோவியத் ஒன்றியம் உடைந்து, அந்தச் சந்தையை நம்பியிருந்த நீலகிரித் தூளின் விலை 1990-களின் இறுதியில் சரிந்தபோது, இலையை நறுக்கிக் குருணையாக்கும் சிடிசி தூளையே நம்பியிருந்தால் பிழைக்க முடியாது, உருட்டும் மேசை வாங்கி ஆர்த்தடாக்ஸ் செய்வோம் என்றார் அவர். வேண்டாம் என்பதற்கு நான் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். நமக்கு வருவது கத்தரியால் வெட்டிய முற்றல் இலை, அந்தத் தேயிலைக்கோ இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டும். வாங்குபவர் யாரென்றும் தெரியாது. அவர் முழுவதும் படித்துவிட்டு, "எல்லாம் சரிதான், ஆனால் இப்படியே இருந்தால் அடுத்த வருடம் நீங்கள் கணக்கு எழுதத் தொழிற்சாலை இருக்காது" என்று சொல்லி இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் நான் எழுதியபடியே நட்டம் வந்தது. ஒரு நாள் காலை, எப்போதும் ஜீப்பில் வருபவர் பேருந்திலிருந்து இறங்கி, மாதிரித் தூள் டப்பாக்கள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் நடந்து வந்தார். ஜீப்பை விற்றிருந்தார். அந்த மாதமும் ஏழாம் தேதி என் சம்பள உறை மேசைக்கு வந்துவிட்டது. நிர்வாகத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தும், அவருக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு அந்த உறையைப் பிரித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மூன்றாம் ஆண்டு ஒரு வெளிநாட்டு வியாபாரி கிடைத்துத் தொழிற்சாலை நிமிர்ந்தது. அதனால் அவர் செய்ததுதான் சரி என்று எண்ணிவிடாதே. எதிர்மலையில் இதையே செய்த இன்னொருவரின் தொழிற்சாலை பூட்டப்பட்டது, அவர் எங்கள் முதலாளியைவிடக் கெட்டிக்காரர். எங்கள் முதலாளி நிர்வாகத்தில் சுத்தமாகத் தேறாதவர் என்பதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் வந்து, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரின் வேலையில் தலையிட்டு, அரைகுறையாக வாடிய இலையை இறக்கச் சொல்லி, ஒரு இரவுத் தூளையே பாழாக்கியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற பிறகு பணிக்கொடைப் பணத்தில் நான் நம் மலையின் மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரி தொடங்கி 14 மாதங்களில் மூடியதை நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. வீணாவதை அறவே குறைத்தேன், மைதா வாங்க மூன்று இடங்களில் விலைப்பட்டியல் கேட்டேன், அடுப்பை விடியற்காலையில் மூட்டி ஒன்பது மணிக்கு அணைத்தேன். சாயங்காலம் தேநீரோடு சூடான வர்க்கி கேட்டு வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். மாலையில் இன்னொரு முறை சுட்டால் விற்குமா என்பதற்குக் கணக்கு கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். சுடாத வர்க்கிக்குக் கணக்கு எங்கிருந்து வரும்?

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். ஏலச் சராசரி விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்ற தேயிலை வாரியத்தின் கணக்கு உனக்குத் தெரியும். விலை சரிந்தால் அதில் பெரும்பகுதி அரை ஏக்கர் வைத்திருப்பவர் தலையில்தான் இறங்குகிறது; கான்டிலான் சொன்ன பொருளில் நம் மலையின் தொழில்முனைவோர் அவர்கள்தாம், யாரும் அப்படி அழைப்பதில்லை என்பது வேறு. நீயோ ஆண்டு முழுவதும் அவர்களுக்கு ஒரே விலை தருவதாக 6-ஆம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நல்ல வரி. அவர்கள் சுமப்பதையெல்லாம் உன் தலைக்கு மாற்றிக்கொள்ளும் வரியும் அதுதான் என்பதைத் தெரிந்தே எழுதினாயா?

17-ஆம் பக்கத்தைப் பார். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உறைபனி கருக்கி இலை வரத்து குறைந்துவிடும். அந்த மாதங்களுக்கும் சேர்த்து உன் சம்பளம் என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறாய். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வரியை அடித்துவிட்டு, வீட்டு வாடகையையும் மாப்பிள்ளையின் வருமானத்தையும் வைத்து மறுபடி கூட்டி அனுப்பு. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூட்டு.

அன்புடன்,
அப்பா