பின்பனியில் ஒரு விடிலி

ஸ்கார்பரோ, டொராண்டோ, கனடா,
ஏப்ரல் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய். போன வாரம்தான் அரை மணி நேரம் போனில் பேசினோம். ஆனால் நீ மூட்டுவலியைப் பேசுகிறாய், நான் பேரனைப் பேசுகிறேன், அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். போனை வைக்கும்போது நீ கேட்டது மட்டும் மனதில் நின்றுவிட்டது. "பங்குனி முடியப்போகுது, அங்க இன்னுமால பனி பெய்யுது?" அதற்குப் பதில் ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இன்றைக்கு நடந்ததையே சொல்கிறேன். விடியும்போது வாசலில் நான்கு விரல் கனத்துக்குப் பனி. எட்டு மணிக்குப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது அது மழையாகிவிட்டது. பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்து, எதிர் வீட்டுக் கூரையில் இருந்த பனியெல்லாம் சரிந்து தொப்பென்று விழுந்தது. மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன் அரைக்கால் சட்டையோடு நிற்கிறான், பக்கத்தில் ஓர் அம்மா கம்பளிக் குல்லாவோடு நிற்கிறாள். இரண்டு பேர் செய்ததும் சரிதான். நாலு மணிக்கு வெயில் அடிக்கும்போதே பொடிப்பொடியாகப் பனி பெய்தது. நம்மூரில் வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்போமே, இங்கே வெயிலுக்கும் பனிக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நரி இங்கேயும் உண்டு. ஒரு நாள் காலையில் எங்கள் தெருக் குப்பைத்தொட்டிப் பக்கம் சாவகாசமாக நடந்து போனது.

நான் வந்தது 2017 ஐப்பசியில் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் குளிர்காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டேன். குளிர் குளிராக இருக்கும் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள், அதில் ஏமாற்று இல்லை. என்னை உடைத்தது அதற்குப் பிறகு வந்த பருவம்தான். மார்ச் 20 ஆனதும் வசந்தம் பிறந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். இரண்டு நாள் வெயில் அடித்ததும் நான் பெரிய கோட்டை மடித்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். அதற்குப் பின் அதை எத்தனை தடவை இறக்கி ஏற்றினேன் என்று கணக்கில்லை.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. மகள் மாங்காய்ப் பச்சடியும் பாயசமும் வைத்திருக்கிறாள். வெளியே உறைமழை. விழும்போது அது மழைதான், ஆனால் தொட்ட இடத்தில் எல்லாம் கண்ணாடியாகிவிடும். ஒவ்வொரு சுள்ளிக்கும் யாரோ கண்ணாடி உறை போட்டதுபோல் இருந்தது. நடைபாதையில் கால் வைக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, சிஎன் டவர் என்று 553 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் இருக்கிறதே, அதன் மேலிருந்து பெயர்ந்த ஐஸ் கட்டி பக்கத்து பேஸ்பால் மைதானத்தின் கூரையில் ஓட்டை போட்டு, அன்றைய ஆட்டமே நின்றுபோனது. வருஷப் பிறப்புக்கு இதுதான் சகுனமா, எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடு என்று மகளிடம் சொன்னேன். அவள் இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

அடுத்த வருஷம் இன்னொரு கூத்து. ஏப்ரல் பாதியில் மூன்று நாள் நல்ல வெயில். கடையில் கத்திரி நாற்று விற்றார்கள், ஆறு வாங்கிக் கொல்லையில் நட்டேன். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, உந்த வெயிலை நம்பேலாது. விக்டோரியா டே வரட்டும்" என்றார். விக்டோரியா டே என்பது மே 25க்கு முந்தின திங்கட்கிழமை. அதுவரைக்கும் யார் காத்திருப்பது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆறு நாற்றும் வெந்நீர் ஊற்றின கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மே கடைசியில் தன்னிடம் மிஞ்சிய நாற்றில் நாலைக் கொண்டுவந்து தந்தார். இந்தப் பருவத்தில் ஜாக்கெட்டைக் கழற்றினாலும் கையில் வைத்திருக்க வேண்டும், முழுக்க நம்பவும் கூடாது, வெறுக்கவும் கூடாது என்று அவரிடம்தான் பழகினேன்.

ஆனால் இதை எனக்குப் பிடிக்க வைத்தது அவர் அல்ல. ஒரு மரம். அதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நகரத்துக்கு வடக்கே ஸ்டூஃப்வில் பக்கம் ப்ரூஸஸ் மில் என்று ஒரு மேப்பிள் தோப்பு இருக்கிறது. ஒரு மார்ச்சில் மகள் கூட்டிப் போனாள். காட்டுக்குள் நசநசவென்று பாதி பனி, பாதி சேறு. மரத்தில் சின்னத் துளை போட்டு, அதில் ஒரு மூக்கைச் செருகி, கீழே வாளி தொங்கவிட்டிருக்கிறார்கள். வாளிக்குள் டக், டக் என்று சொட்டுகிற சத்தம். விரலில் ஒரு சொட்டு ஏந்தி நாக்கில் வைத்தேன். முதலில் பச்சைத் தண்ணீர்தான். விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில், இருக்கிறதா இல்லையா என்று ஓர் இனிப்பு.

மாப்பிள்ளை, எனக்கு அந்த இடத்திலேயே உன் தாத்தாவின் விளை, அந்தப் பனந்தோப்பு, ஞாபகம் வந்துவிட்டது. பட்டையில் பதநீரை ஊற்றிக் குடிக்கச் சொல்லி நம்மை வரிசையாக உட்கார வைப்பாரே, அந்தக் காலை. பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். இதில் இரண்டு பங்குதான். அதனால் ஏறக்குறைய 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. காய்ச்சுகிற கொட்டகைக்குள் நுழைந்தேன் பார், அப்படியே நம்மூரில் கருப்பட்டி காய்ச்சுகிற விடிலி! விறகுப் புகை, அகலமான தட்டில் கொதிக்கிற சாறு, முகத்தில் அறைகிற ஆவி, தித்திப்பான வாசம். கருப்பட்டிப் பதம் வந்துவிட்டதா என்று உன் பாட்டி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாளே, இங்கே பாகைச் சுத்தமான பனியின் மேல் ஊற்றுகிறார்கள். ஊற்றினதும் இறுகி மிட்டாய் மாதிரி ஆகிவிடுகிறது. குச்சியில் சுருட்டிச் சின்னப் பிள்ளைகள் தின்கின்றன. நானும் இரண்டு தின்றேன், சர்க்கரை இருப்பதை மகளுக்கு முன்னால் மறந்துவிட்டு.

அங்கே வேலை செய்கிற ஒரு பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும், பகலில் பூஜ்யத்துக்கு மேலே வர வேண்டும். இரவுக் குளிரில் மரம் வேரிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது, பகல் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடிச் சாறு துளை வழியே வருகிறது. ஒரேயடியாகக் குளிர்ந்தே கிடந்தால் சொட்டாது. ஒரேயடியாகச் சூடு பிடித்தால் மொட்டு விட்டுவிடும், அப்புறம் சாறு ருசி கெட்டுப்போகும், அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். ஆக, நான் இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த இந்த ஏறுமாறு இல்லையென்றால் அந்த வாளியில் ஒரு சொட்டுக்கூட விழாது. இங்குள்ள பூர்வகுடிகளில் அனிஷினாபே மக்கள் இந்தக் காலத்தைச் சர்க்கரை நிலா என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே சாறு எடுக்கத் தெரிந்தவர்கள்.

இப்போதெல்லாம் காலையில் போனைத் திறந்து 'இரவு மைனஸ் 4, பகல் 6' என்று பார்த்தால் "இன்றைக்குக் கலயம் நிறையும்" என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். மருமகன் மட்டும் முகத்தைச் சுளிப்பார். அவர் கவலை வேறு. உருகின நீர் ரோட்டு வெடிப்பில் இறங்கி, இரவில் உறைந்து, தாரைப் பெயர்த்துக் குழி போட்டுவிடும். போன மாதம் அப்படி ஒன்றில் இறங்கி ஒரு டயர் போயிற்று. பனி உருகினதும் நாலு மாதத்து நாய் அசிங்கமும் ஒற்றைக் கையுறைகளும் தெருவெல்லாம் தலைகாட்டுவதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் அழகு என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

வானிலையின் இந்த ஏறுமாறுக்குக் காரணம் கேட்பாய். வடதுருவத்துக் குளிர்காற்றும் தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து ஈரக்காற்றும் எங்கள் தலைக்கு மேலேதான் மல்லுக்கட்டுகின்றன. எது ஜெயிக்கிறதோ அன்றைக்கு அந்த வானிலை. போதாததற்கு ஒன்டாரியோ ஏரி குளிர்காலத்துக் குளிரை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வீட்டில் சட்டையோடு வியர்த்துக்கொண்டு கிளம்பி, பிளஃப்ஸ் மலைச்சரிவுக்குக் கீழே ஏரிக்கரைக்குப் போனால் பல் தந்தி அடிக்கும். நான் வேண்டுமென்றேதான் போவேன். ஒரே மத்தியானத்தில் இரண்டு பருவம், பஸ் டிக்கெட் விலையில்.

நம் ஆட்கள் மாசி பங்குனிக்குப் பின்பனி என்று பெயர் வைத்தார்கள். உடன்குடி வெயிலில் அதைப் படித்தபோது எனக்குப் புரிந்ததே இல்லை.

சரி, என் புராணம் போதும். விளையில் இந்த வருஷமாவது பனை ஏற ஆள் கிடைத்தாரா? இங்கே பெரிய தோப்புகளில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் கட்டி, சாறு தானாகவே கொட்டகைக்கு ஓடி வருகிறது. பார்த்தபோது உன் ஞாபகம்தான். பனைக்கு அப்படிக் குழாய் கட்ட வழியில்லை, பாளையைச் சீவ ஒருவர் ஏறித்தானே ஆக வேண்டும். ஏற ஆள் வந்திருந்தால் கூலியைப் பார்க்காதே.

மகளோடு வேலை பார்க்கும் பெண் மே மாதம் திருநெல்வேலிக்கு வருகிறாள். அவளிடம் ஒரு பாட்டில் மேப்பிள் பாகு கொடுத்துவிடுகிறேன், தோசைக்குத் தொட்டுக்கொள். திரும்பும்போது அவளிடம் இரண்டு சிரட்டைக் கருப்பட்டி கொடுத்தனுப்பு. கடையில் வாங்கியது வேண்டாம், உன் விளையில் காய்ச்சியதாக இருக்க வேண்டும். அப்புறம், மார்ச்சில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். இனிமேல் பத்தரை மணி நேர வித்தியாசம் இல்லை, ஒன்பதரை. இது தெரியாமல்தான் போன ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கும்போது கூப்பிட்டாய்.

உன்,
கடைசிப் பெஞ்சுக்காரன்