நாடோடிகளின் குளிர்காலக் கிணறு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்பனை உலகம் ஒன்றில் வாழும் நாடோடி இனத்துக்கு வரலாறு எழுதி அனுப்பச் சொல்லி ஞாயிறு இணைப்பில் வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். வந்தவற்றில் ஆறைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டீர்கள். ஆறையும் படித்தேன். அவற்றில் நான்கு ஒரே கதை. ஒரு காலத்தில் பொன் விளையும் தாயகம் இருந்தது. ஒருவன் வந்து அதை எரித்தான். அன்றிலிருந்து அந்த மக்கள் அலைகிறார்கள். என்றோ ஒரு குழந்தை பிறந்து அவர்களைத் திரும்ப அழைத்துப் போகும். எரித்தவன் ஒன்றில் கொடுங்கோலன், இன்னொன்றில் டிராகன், மூன்றாவதில் எரிமலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அதே தப்பைச் செய்தவள்தான், எழுத்தில் இல்லை, கோட்டில். நில அளவை அலுவலகத்தில் 31 வருடம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அக்கா மகனும் அவன் நண்பர்களும் பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடுவார்கள். அதற்கு ஒரு உலகப் படம் வேண்டும் என்றான். மூன்று இரவு உட்கார்ந்து வரைந்தேன். மேற்கே மலைத்தொடர், அதிலிருந்து இறங்கும் நதிகள், நதி கடலில் சேரும் இடத்தில் துறைமுகம், எல்லாம் சரியாக வந்தன. கிழக்கே வந்தபோது கை ஓய்ந்துவிட்டது. ஒரு சாண் அகலத்துக்கு வெறும் தாள். அதில் சாய்வெழுத்தில் ‘உவர்க்குடியினர்’ என்று எழுதி, இரண்டு கூடாரம் போட்டு முடித்துவிட்டேன். உவர் என்றால் உப்பு. பெயராவது நன்றாக அமைந்ததே என்று எனக்குத் திருப்தி.

படத்தை வாங்கிப் பார்த்த பையன் கேட்டான்: “சித்தி, இவங்க குளிர்காலத்துல மந்தைக்குத் தண்ணி எங்க காட்டுவாங்க?”

பதில் சொல்லத் தெரியவில்லை. நகரங்களுக்கெல்லாம் நதி கொடுத்திருந்தேன். இவர்களுக்கு ஒரு கிணறுகூட வைக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

நாடோடி என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. நாடு நாடாக ஓடுகிறவர்கள், கால் போன போக்கில் போகிறவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். மேய்ச்சல் இனங்கள் அப்படிப் போனால் ஒரே வருடத்தில் மந்தை செத்துப்போகும். ஈரானில் ஜாக்ரோஸ் மலைகளில் பக்தியாரிகள் வருடத்துக்கு இரண்டு முறை மலையைக் கடந்தார்கள்: கோடையில் மேலே, குளிரில் கீழே. இடையில் காரூன் நதி. காற்று ஊதிய ஆட்டுத்தோல்களைக் கட்டி மிதவை செய்து அதில் கடந்தார்கள். எந்தக் குழு எந்தக் கணவாயில் ஏறும், எந்தப் புல்லில் யார் மந்தை மேயும் என்பதெல்லாம் அவர்களுக்குள் வழக்கமாக இருந்தது. நான் அலுவலகத்தில் வரைந்த பட்டா எல்லைகளுக்காக நடந்த சண்டைகளுக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. ஒரே வித்தியாசம், இந்த நிலத்துக்குத் தேதியும் உண்டு. மார்ச்சில் என்னுடையது, ஜூலையில் உன்னுடையது.

மங்கோலியாவில் ‘சூட்’ என்று ஒரு பேரிடர் வரும். புல்லை மூடும் ஆழமான பனி ஒரு வகை. பனி உருகி மறுபடி உறைந்து, குளம்பால் உடைக்க முடியாத ஓடாக நிற்பது இன்னொரு வகை. என்னைத் திடுக்கிட வைத்தது கருஞ்சூட். பனியே விழாமல் போவதுதான் அங்கே பேரிடர். குளிர்காலத்தில் மந்தை தாகத்துக்குத் தின்பது பனியைத்தானே! 2009-10 குளிர்காலத்தில் வந்த சூட்டில் அந்த நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. ஒரு இனம் ஊரைவிட்டுக் கிளம்ப டிராகன் எதற்கு? இப்படி ஒரு குளிர்காலம் போதும். உங்கள் ஆறு வரலாறுகளில் ஒன்றிலும் ஒரு ஆடுகூடச் சாகவில்லை. மனிதர்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் சாகிறார்கள்.

அப்புறம் தாயகம். நான்கு பேரும் அதை எங்கோ தொலைவில், காணாமல் போன நகரமாக வைத்திருக்கிறார்கள். இதற்கு நேர் எதிரான ஒரு பதிலைப் பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். பாரசீகப் பேரரசர் டேரியஸ் பெரும்படையோடு, கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர்கள் என்ற நாடோடிகளைத் துரத்திக்கொண்டே போகிறார்; அவர்கள் நின்று போரிடாமல் விலகிக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் ஓடுகிறாய், நின்று போரிடு, இல்லையென்றால் பணிந்து போ என்று ஆள் அனுப்புகிறார். சித்திய அரசன் இடாந்திர்சஸ் சொன்ன பதிலின் சாரம் இது: நாங்கள் ஓடவில்லை, வழக்கமாக வாழ்கிறபடிதான் வாழ்கிறோம். காப்பாற்றுவதற்கு எங்களுக்கு ஊரும் இல்லை, வயலும் இல்லை. போர்தான் வேண்டுமென்றால் எங்கள் முன்னோரின் கல்லறைகளைக் கண்டுபிடித்துத் தொட்டுப் பார், அப்போது தெரியும். இதைப் படித்துவிட்டு அன்று இரவே என் படத்தை எடுத்துவைத்துக்கொண்டேன். வெறும் தாளில் முதல் முதலாக நான் போட்டது கிணறுகூட இல்லை, புதைமேடுகள். ஏழு போட்டேன்.

அதே ஹெரோடோட்டஸ் சித்தியர்களின் தோற்றத்துக்கு ஒரு கதை சொல்லி நிறுத்தவில்லை. அவர்களே சொன்னதாக ஒன்று: வானத்திலிருந்து பொன்னாலான கலப்பை, நுகம், கோடரி, கிண்ணம் விழுகின்றன, மூத்தவர்கள் நெருங்கினால் பொன் தீப்பிடிக்கிறது, கடைசித் தம்பி வந்ததும் அணைகிறது, அவன் அரசனாகிறான். கருங்கடல் ஓரத்துக் கிரேக்கர்கள் சொன்னது வேறு: கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிசுக்கும் பாம்பு உடல்கொண்ட ஒரு பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் வழி வந்தவர்கள். மூன்றாவதாக, ஆசியாவில் மசகெட்டர்கள் என்ற இன்னொரு இனம் நெருக்கியதால் நகர்ந்து வந்து சிம்மேரியர் நாட்டில் புகுந்தார்கள் என்பது. அவர் நம்புவதும் இதைத்தான். எனக்குப் பிடித்தது அந்தக் கலப்பை. நாடோடிகள் என்று பெயர் வாங்கியவர்களுக்கு வானம் ஏன் கலப்பையைப் போட்டது? சித்தியர்களிலேயே உழுகிறவர்களும் இருந்தார்கள் என்று அவரே சில பக்கம் தள்ளிச் சொல்கிறார். உங்கள் வாசகர்கள் ஆளுக்கு ஒரே வரலாறு எழுதினார்கள். ஒரு இனத்துக்கு மூன்று வரலாறு எழுதி, மூன்றும் ஒன்றோடொன்று இடிக்கும்படி விட்டிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

ஐந்தாவது கட்டுரை நான்கைப் போல் இல்லை. அதில் நாடோடிகள் காட்டுமிராண்டிகள். கொள்ளையடிக்க மட்டும் நகரத்துக்கு வருகிறார்கள். இரும்பு எங்கிருந்து கிடைத்தது, கடிவாளம் யார் செய்தது என்று கேள்வி இல்லை. மத்திய ஆசியப் புல்வெளித் துருக்கியர்களின் முதல் ககன் (பேரரசன்) பூமின், தன் மேல் ஆதிக்கம் செலுத்திவந்த ரவ்ரான் என்ற நாடோடி இனத்தின் ககனிடம் பெண் கேட்டபோது, ‘என் கொல்லுப்பட்டறை அடிமை நீ, எனக்கே சம்பந்தியாகப் பார்க்கிறாயா’ என்கிற மாதிரி ஏச்சுதான் கிடைத்தது. அந்தக் கொல்லர்கள்தான் கி.பி. 552-ல் ரவ்ரான்களை வீழ்த்தினார்கள். சண்டையில்லாத காலத்திலும் இரண்டு பக்கத்துக்கும் பண்டமாற்று ஓடிக்கொண்டே இருந்தது. அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தின் உறைந்த புதைமேடுகளில் சீனப் பட்டு கிடைத்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை முடிந்த வயலில் ஃபுலானிகள் மந்தையை விடுவார்கள். மாட்டுக்கு அரிதாள், வயலுக்கு எரு. கிடை போடுவது என்று நாம் சொல்வதும் இதைத்தான். சகாராவில் துவாரெக்குகள் ஒட்டகத்தில் உப்பு ஏற்றிப் போய்த் தானியத்தோடு திரும்பினார்கள். உப்பின் பெயரால் ஒரு குடியை உண்டாக்கிவிட்டு அந்த உப்பை யார் வாங்குகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை, பாருங்கள்.

ஆறாவது கட்டுரை பரவாயில்லை. அதில் ஒரு கிழவி வருகிறாள், குதிரைகளின் வம்சாவளியை மனப்பாடமாகச் சொல்கிறாள். அவளை இன்னும் கொஞ்ச நேரம் பேசவிட்டிருக்கலாம்.

தாயகம் திரும்பும் கதைக்கே மறுபடி வருகிறேன், ஏனென்றால் அது ஒரு முறை நிஜமாகவே நடந்தது. மங்கோலிய வழி வந்த டொர்குட்டுகள் 17-ஆம் நூற்றாண்டில் மேற்கே நகர்ந்து ரஷ்யாவின் வோல்கா நதியோரம் தங்கினார்கள். கல்மிக்குகள் என்று பெயர் பெற்றார்கள். ரஷ்ய அரசின் பிடி இறுகியது. 1771 ஜனவரியில், உபாஷி கானின் தலைமையில், குழந்தை குட்டி மந்தையோடு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் முன்னோர் நாட்டை நோக்கிக் கிளம்பினார்கள். நதி உறைந்ததும் மேற்குக் கரைக்காரர்கள் நடந்து வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. அந்த வருடம் நதி உறையவில்லை. மேற்குக் கரையில் இருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். போனவர்களில் பாதிப் பேர்கூடப் போய்ச் சேரவில்லை. குளிர், தாகம், நோய், வழியில் கசாக்குகளின் தாக்குதல். சேர்ந்த இடமாவது தாயகமா? அங்கே இருந்த ஜுங்கார்களைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் சீனாவின் சிங் பேரரசு அழித்திருந்தது; வந்தவர்களுக்கு மேய்ச்சல் நிலம் ஒதுக்கிக் கொடுத்ததும் அதே பேரரசுதான். உறையாத நதிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் வாரிசுகள் இன்றும் ரஷ்யாவில் கல்மிக்கியா குடியரசில் இருக்கிறார்கள். இதற்கு முன்னால் எரிமலையும் அதிசயக் குழந்தையும் என்ன செய்யும்?

இப்போது என் படத்தில் கிழக்குப் பக்கம்தான் நெரிசல். உவர்க்குடிக்கு எட்டுக் கிணறுகள். இரண்டில் தண்ணீர் கரிக்கும். கோடைப் பாதைக்குப் புள்ளிக்கோடு, குளிர்காலப் பாதைக்குக் கீற்றுக்கோடு. இரண்டும் ஓரிடத்தில் துறைமுக நகரத்தின் வயல்களுக்குள் நுழைகின்றன. அங்கே அறுவடைக்கு முன்னால் வந்தால் சண்டை, பின்னால் வந்தால் வரவேற்பு. போன மாதம் பையன்கள் விளையாடியபோது நகரத்தின் அரசனாக இருந்தவன் அந்த வழியில் மதில் எழுப்பினான். இரண்டு விளையாட்டு வருடங்களில் அவன் வயல்களுக்கு எரு இல்லை, சந்தையில் உப்பு இல்லை. மதிலில் தானே ஒரு வாசல் வைத்தான். யாரும் ஒரு வாளையும் உருவவில்லை. பையன்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் போட்டி வைத்தால், வரலாற்றோடு ஒரு படமும் கேளுங்கள். கையால் கிறுக்கியது போதும், அளவுகோல் வேண்டாம். குளிர்காலத்தில் எங்கே இருப்பார்கள், இறந்தவர்களை எங்கே புதைப்பார்கள், இந்த இரண்டையும் குறித்திருந்தால் சரி. அச்சடிக்கும்போது கிழக்குப் பகுதியைத் தாளின் மடிப்பில் போட்டுவிடாதீர்கள். இந்த முறை அப்படித்தான் ஆகி, ஆறாவது கட்டுரையின் படத்தில் இருந்த ஒரே ஓடை கண்ணில் படவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருத்தி